வெட்டியெடுத்த கல்லீரலில் விடை இருக்கிறது. எடுத்துப் படிக்கத்தான் ஆளில்லை

கல்லீரல் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டு வீடு திரும்பும் ஒவ்வொருவரும் மருத்துவரிடம் கேட்கும் கேள்வி ஒன்றே: மறுபடி வருமா? கிடைக்கும் பதிலும் ஒன்றே: "வரலாம், வராமலும் போகலாம். செக்கப்புக்கு மட்டும் தவறாம வந்துடுங்க." இந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்காக நாள் கடத்துகிறவர்களில் நானும் ஒருவன். எங்களைப் போன்றவர்கள் சார்பில் இந்தக் குறையைப் பொதுவில் வைக்கிறேன்.

மருத்துவர் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. கல்லீரலில் கட்டி இருந்த பகுதியை வெட்டியெடுத்தவர்களில் 70 சதவீதம் பேர் வரை ஐந்து ஆண்டுகளுக்குள் மறுபடியும் கட்டியைச் சந்திக்கிறார்கள் என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு. ஆனால் நான் அந்த எழுபதில் ஒருவனா, மிச்சமுள்ள முப்பதில் ஒருவனா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்லக்கூடிய தடயம் எங்கள் உடம்பிலிருந்தே எடுக்கப்பட்டு, மெழுகில் பதிக்கப்பட்டு, ஏதோ ஒரு மருத்துவமனையின் பின்கட்டு அலமாரியில் கிடக்கிறது. அதைப் படிக்கும் வழி 2008-ஆம் ஆண்டிலேயே காட்டப்பட்டுவிட்டது. இத்தனை ஆண்டு கழிந்தும் அது எங்கள் வார்டுக்கு வந்து சேரவில்லை. நாளைக்கே வந்தாலும் பயன்படாதபடி அந்த அலமாரிகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருக்கின்றன என்பதுதான் அதைவிடப் பெரிய கொடுமை.

இது விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரின் துன்பம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். உலகளவில் புற்றுநோயால் நேரும் மரணங்களில் நுரையீரல், பெருங்குடல் புற்றுநோய்களுக்கு அடுத்த இடம் கல்லீரலுக்கு. இந்தியாவில் 2020-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 34,000 பேருக்குக் கல்லீரல் புற்றுநோய் புதிதாக வந்ததாக உலகப் புற்றுநோய்க் கணக்கு சொல்கிறது. அதே ஆண்டில் அந்நோயால் இறந்தோர் தொகையும் கிட்டத்தட்ட அதே அளவு. வந்தவர் தொகையும் போனவர் தொகையும் இப்படி ஒட்டி நிற்கும் நோய்கள் அதிகமில்லை. பின்னால் வரிசையில் நிற்பவர்களையும் பார்க்க வேண்டும். ஹெபடைடிஸ் பி கிருமியோடு வாழும் இந்தியர்கள் சுமார் மூன்று கோடிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் 2024-இல் மதிப்பிட்டது. சர்க்கரை நோயும் கொழுப்புக் கல்லீரலும் குடியும் சேர்த்துவிடும் கூட்டம் தனி.

கல்லீரல் புற்று வந்தவர்களில் கத்தி வைக்கக்கூடிய கட்டத்தில் நோய் தெரியவருவது சிறுபான்மையினருக்குத்தான். அந்தச் சிறுபான்மையில் இருப்பவர்கள் நாங்கள். "நீங்க அதிர்ஷ்டக்காரர்" என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். இருக்கலாம். அந்த அதிர்ஷ்டம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எப்படிச் சோதிக்கப்படுகிறது என்பது வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும்.

செக்கப் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எவ்வளவோ அடங்கியிருக்கிறது. முதல் நாள் இரவே ஊரிலிருந்து பஸ் ஏற வேண்டும். காலையில் வெறும் வயிற்றோடு வரிசையில் நின்று கிரியேட்டினின் பார்க்க வேண்டும். அது சரியாக இருந்தால்தான் சிடி ஸ்கேனுக்கு மருந்து ஏற்றுவார்கள். ஏ.எஃப்.பி. என்ற இரத்தப் பரிசோதனை ஆஸ்பத்திரியில் இல்லையென்றால் வெளி லேபில் கொடுக்க வேண்டும். ஸ்கேனும் ரிப்போர்ட்டும் ஒரே நாளில் கிடைத்தால் பெரிய காரியம். கிடைக்காவிட்டால் வராந்தாவிலோ பக்கத்து லாட்ஜிலோ இன்னொரு ராத்திரி. துணைக்கு வந்தவருக்கும் இரண்டு நாள் கூலி போகும். அறுவைக்குக் காப்பீட்டு அட்டை கைகொடுத்திருக்கும். அதற்குப் பிந்தைய இந்தச் செலவுகளில் பெரும்பகுதி கைக்காசுதான். அறுவைக்கு அடகு வைத்த நகையை மீட்காமலேயே செக்கப்புக்கு அடுத்த நகையை வைக்கிற குடும்பங்களை நான் அறிவேன். மகளுக்கு வரன் பேச உட்கார்ந்தால், "அடுத்த ஸ்கேன் முடியட்டும்" என்று பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். வேலைக்குத் திரும்பலாமா, கடையை மகன் பேருக்கு மாற்றிவிடலாமா, நெல்லை விற்றுக் கடனை அடைக்கலாமா, எல்லா முடிவும் அடுத்த ஸ்கேன் வரை தள்ளிப்போகிறது. அந்த ஸ்கேன் முடிந்ததும் அதற்கு அடுத்தது வரை.

இவ்வளவு பாடும் எல்லாருக்கும் ஒரே அளவில் தேவைதானா என்பதே எங்கள் முதல் கேள்வி. நோய் திரும்ப அதிக வாய்ப்பு உள்ளவருக்கும் மிகக் குறைவாக உள்ளவருக்கும் இன்று ஒரே அட்டவணை. ஒருவர் தேவையில்லாமல் அலைகிறார். இன்னொருவருக்குத் தேவையான அளவு கவனிப்பு கிடைப்பதில்லை. இருவரையும் பிரித்தறிய வழியே இல்லை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். வழி உண்டு.

உடம்பின் கிட்டத்தட்ட எல்லா உயிரணுக்களிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுப்புதான். கல்லீரல் செல்லிலும் கண் செல்லிலும் அதே இருபதாயிரம் சொச்சம் மரபணுக்கள். எது வேலை செய்கிறது, எது சும்மா கிடக்கிறது என்பதில்தான் வேறுபாடு. வேலை செய்யும் மரபணு ஆர்.என்.ஏ. எனும் படிகளை எடுத்துக்கொண்டே இருக்கும். எந்த மரபணுவின் படி எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால், அந்தத் திசு எந்த நிலையில் இருந்தது என்று தெரிந்துவிடும். மரபணுச் செயல்பாடு என்று ஆய்வாளர்கள் சொல்வது இதைத்தான். தொல்லை என்னவென்றால், ஆர்.என்.ஏ. எளிதில் சிதைந்துவிடும். அதனால் திசுவை எடுத்த கையோடு உறைய வைத்தால்தான் அளக்க முடியும் என்று வெகுகாலம் நம்பினார்கள். மருத்துவமனைகளிலோ வெட்டியெடுத்த திசுவை ஃபார்மலினில் ஊறப்போட்டு, பாரஃபின் மெழுகில் பதித்து வைப்பதுதான் வழக்கம். உறைய வைத்த திசு எங்கோ சில ஆய்வகங்களில் இருக்கும். மெழுகுக் கட்டைகள் உலகத்தின் எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கும். நோயாளி பிழைத்தாரா இல்லையா என்ற பல ஆண்டு விவரமும் அந்தக் கட்டைகளோடுதான் சேர்ந்திருக்கிறது.

அமெரிக்காவின் பிராட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த யூஜின் ஹோஷிடா, டாட் கோலப் ஆகியோரும் ஜப்பான், ஐரோப்பிய மருத்துவர்களும் சேர்ந்து 2008-இல் இந்தத் தடையை உடைத்தார்கள். மெழுகில் சிதைந்து கிடக்கும் ஆர்.என்.ஏ. துணுக்குகளைக் கொண்டே சுமார் 6,000 மரபணுக்களின் செயல்பாட்டை அளந்தார்கள். 24 ஆண்டுகள் வரை பழைய கட்டைகளையும் எடுத்துப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பதுக்கு அளவு கிடைத்தது. மொத்தம் 307 நோயாளிகள். முதலில் ஜப்பானியர் 82 பேரின் திசுவிலிருந்து குறியைக் கண்டார்கள். பிறகு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அறுவை செய்துகொண்ட 225 பேரிடம் அதே குறி பொருந்துகிறதா என்று சரிபார்த்தார்கள். பொருந்தியது.

அந்த ஆய்வில் யாரும் எதிர்பாராத ஒரு சங்கதி வெளிப்பட்டது. கட்டியின் திசுவை அளந்ததில், யார் நெடுநாள் வாழ்வார் என்பதற்கு உருப்படியான தடயம் கிடைக்கவில்லை. கட்டியைச் சுற்றி இருந்த, புற்று இல்லாத கல்லீரல் திசுதான் பேசியது. அதில் 186 மரபணுக்களின் செயல்பாடு நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தது. 73 மரபணுக்கள் ஓங்கியிருந்தவர்களின் ஆயுள் குறைந்தது. அவற்றில் பல அழற்சியோடு தொடர்புடையவை. மற்ற 113 ஓங்கியிருந்தவர்கள் நீண்ட நாள் வாழ்ந்தார்கள். அவற்றில் பல, நல்ல கல்லீரல் அன்றாடம் செய்யும் வேலைகளுக்கானவை.

இதன் பொருள் எங்களைப் போன்றவர்களுக்கு எளிதில் விளங்கும். அறுவைக்குப் பிறகு நோய் திரும்புவதில் இரண்டு வகை உண்டு. முதல் இரண்டு ஆண்டுக்குள் வருவது பெரும்பாலும் பழைய கட்டியே சிந்திவிட்டுப் போன செல்கள். அதற்குப் பிறகு வருவது பெரும்பாலும் புதிய கட்டி. கிருமியாலோ குடியாலோ கொழுப்பாலோ தழும்பேறிப்போன அதே கல்லீரலில் புதிதாக முளைப்பது. களையைப் பிடுங்கியாயிற்று, களை முளைக்கும் மண் அப்படியே இருக்கிறது. 2008-இல் கண்ட 186 மரபணுக் குறி இந்த இரண்டாம் வகையோடுதான் ஒத்துப்போனது.

இப்போது எங்கள் ஊர் நடைமுறையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் இரண்டு ஆண்டு மருத்துவமனை எங்களை விடாமல் கூப்பிடுகிறது. இரண்டு ஆண்டு தாண்டியதும் "நல்லா இருக்கீங்க, இனிமே ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்" என்று இடைவெளியைக் கூட்டுகிறார்கள். நோயாளியும் உடம்பு தேறிவிட்டது என்று அசட்டையாகிறார். கடனும் கழுத்தை நெரிக்கிறது. ஆறு மாதம் ஒன்றரை ஆண்டாகிவிடுகிறது. புதிய கட்டி முளைக்கும் காலம் எப்போது தொடங்குகிறதோ, அப்போதுதான் கண்காணிப்பு தளர்கிறது. எந்தக் கல்லீரல் அந்த ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லக்கூடிய திசு மெழுகில் கிடக்க, இது நடக்கிறது. இதைவிடப் பொருந்தாத ஏற்பாடு வேறு உண்டா?

2008 ஆய்வு ஒற்றை முயற்சியாக நின்றுவிடவில்லை. மறு ஆண்டே சீன நோயாளிகளின் கட்டிகளில் மைக்ரோ ஆர்.என்.ஏ. 26 என்ற நுண் துணுக்கு குறைந்திருந்தால் ஆயுள் குறைகிறது என்றும், அவர்களுக்கே இன்டர்ஃபெரான் மருந்து நன்கு வேலை செய்கிறது என்றும் ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2013-இல் பிரான்சில், கட்டித் திசுவின் ஐந்தே மரபணுக்களைக் கொண்டு ஒரு மதிப்பெண் முறை வந்தது. அதே ஆண்டு, இன்னும் புற்றே வராத, ஹெபடைடிஸ் சி-யால் கல்லீரல் சுருங்கிய 216 பேரிடம் பழைய 186 மரபணுக் குறியை ஹோஷிடா குழுவினர் பொருத்திப் பார்த்தார்கள். யாருக்குப் புற்று வரும், யாருக்குக் கல்லீரல் மேலும் கெடும் என்பதையும் அது பிரித்துக் காட்டியது. பிறகு 186-ஐ 32 ஆகக் குறைத்து, மருத்துவமனை ஆய்வகத்துக்கு ஏற்றபடி எளிதாக்கினார்கள். திசுவில் தெரியும் குறியை இரத்தத்தில் உள்ள புரதங்களிலிருந்தே படிக்கும் முயற்சியும் நடந்திருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் கல்லீரல் புற்றுநோய் அறுவைக்குப் பின் வழக்கமாகச் செய்யும் பரிசோதனைப் பட்டியலில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. நம் ஊரில் மட்டும் இல்லை என்று சொல்ல மாட்டேன். பணக்கார நாடுகளிலும் இல்லை. மார்பகப் புற்றுநோய் வரலாறு வேறு மாதிரி. அங்கே 21 மரபணுக்களை அளக்கும் பரிசோதனையை 10,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் செய்து பார்த்து, கீமோ யாருக்குத் தேவையில்லை என்று 2018-இல் உறுதியாகச் சொன்னார்கள். ஏராளமான பெண்கள் கீமோவிலிருந்து தப்பினார்கள். மார்பகப் புற்று மேலை நாட்டின் நோயாகவும் இருந்தது. கல்லீரல் புற்று ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் மிகுந்த நோய். எதற்கு முதலில் பணம் கிடைக்கும் என்பதற்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. காரணங்களில் இதுவும் ஒன்று என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

மருத்துவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். "தெரிஞ்சு என்னங்க பண்றது?" என்று அவர்கள் கேட்கிறார்கள். நோய் திரும்பாமல் தடுக்க அறுவைக்குப் பின் கொடுக்கும் மருந்துகள் இதுவரை ஏமாற்றியே வந்திருக்கின்றன. சொராஃபெனிப் மாத்திரையை 1,100-க்கும் மேற்பட்டோரிடம் சோதித்து, பயனில்லை என்று 2015-இல் அறிவித்தார்கள். எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் ஊசியையும் கட்டியின் இரத்தக் குழாய்களைத் தடுக்கும் ஊசியையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2023-இல் நல்ல சேதியோடு வந்தது. நாள் செல்லச் செல்ல அந்தப் பயன் தேய்ந்துவிட்டது. மருந்து இல்லாத இடத்தில் ஜாதகம் மட்டும் சொல்லி நோயாளியைக் கலங்கடிப்பானேன் என்பது அவர்கள் வாதம்.

வாதம் நேர்மையானதுதான், ஆனால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. ஆபத்து அதிகம் என்று தெரிந்தவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஸ்கேன் எடுக்கலாம். இரண்டாம் கட்டி சிறிதாக இருக்கும்போதே கண்ணில் பட்டால் மறுபடி வெட்டவோ ஊசி முனையால் சுட்டுப் பொசுக்கவோ முடியும். ஹெபடைடிஸ் பி இருப்பவர் வைரஸ் மாத்திரையை ஒரு நாளும் விடாமல் சாப்பிட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு குறைகிறது. அந்த மாத்திரை 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசம். எவர் அதை விட்டுவிட்டார் என்று தேடிப் போய்ப் பிடிக்க வேண்டும், அவ்வளவே. உரியவர்களைக் கல்லீரல் மாற்று அறுவைக்கு முன்கூட்டியே பதிந்துவைக்கலாம். புதிய தடுப்பு மருந்தைச் சோதிக்கும்போது ஆபத்து மிகுந்தவர்களை மட்டும் சேர்த்தால் சிறிய ஆய்விலேயே விடை தெரியும். ஆபத்து குறைவு என்று தெரிந்தவருக்கோ, ஒரு நல்ல வார்த்தையே மருந்து. மகளின் கல்யாணத் தேதியை அவர் ஸ்கேனைக் கேட்காமல் குறித்துக்கொள்வார்.

இன்னொரு நியாயமான தயக்கமும் உண்டு. 186 மரபணுக் குறியைக் கண்டது ஜப்பானியரிடம், சரிபார்த்தது மேலை நாட்டினரிடம். அவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லீரல் கெட்டது ஹெபடைடிஸ் சி-யால். நம்மிடம் ஹெபடைடிஸ் பி-யும் சர்க்கரையும் குடியும் கலந்து கிடக்கின்றன. அங்கே பொருந்தியது இங்கேயும் பொருந்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு ஏற்க முடியாது. மிகச் சரி. நம் நோயாளிகளிடம் சோதித்துத்தான் ஆக வேண்டும். அப்படிச் சோதிப்பது நமக்குப் புதிதும் அல்ல. மஞ்சள் காமாலை என்றதும் நாம் தேடும் கீழாநெல்லியை, சென்னையில் ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவர்களிடம் முறையாகச் சோதித்து 1988-இல் லேன்செட் இதழில் வெளியிட்டார்கள். அந்தக் கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பரூச் பிளம்பர்க்கும் அதில் பங்கேற்றார். அந்தப் பலன் பிற நாட்டு ஆய்வுகளில் உறுதிப்படவில்லை என்பது வேறு கதை. நம் மருந்தை நம் நோயாளிகளிடம் வைத்தே கேட்டுப் பார்க்கும் தெம்பு இந்த ஊருக்கு அன்றே இருந்தது.

இன்று அப்படிக் கேட்டுப் பார்க்க வேண்டுமானால் என்ன தேவை? நம் நோயாளிகளின் மெழுகுக் கட்டைகள் தேவை. அவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்ற கணக்கு தேவை. இரண்டிலும் நாம் கோட்டை விட்டுக்கொண்டிருக்கிறோம்.

பிளாக் என்று ஆஸ்பத்திரியில் சொல்லும் அந்தக் கட்டையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தீப்பெட்டியைவிடச் சிறியது. பிளாஸ்டிக் சட்டத்தின் ஓரத்தில் பென்சிலால் எண்ணும் ஆண்டும் எழுதியிருப்பார்கள். நடுவில் வெள்ளை மெழுகு. மெழுகுக்குள் பழுப்பு நிறத்தில் நகக்கண் அளவு திசு. எங்கள் தலையெழுத்து அதுதான். இதை எப்படி வைத்திருக்கிறார்கள்? ஃபேன்கூட இல்லாத அறையில் அட்டைப் பெட்டிகளில் கொட்டிவைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பென்சில் எண் அழிந்தால் அது யாருடையதும் இல்லை. வேறு மருத்துவமனையில் இரண்டாம் கருத்து கேட்கும்போது பிளாக்கையே நோயாளியின் கையில் கொடுத்தனுப்புகிறார்கள். அது சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் இளகி உருக்குலைந்தும், பீரோவின் மேல்தட்டில் மறந்துபோயும் முடிகிறது.

எங்கள் கூட்டத்தில் ஒருவர் டெல்டா பக்கத்துக்காரர். அறுவை முடிந்து சில ஆண்டு கழித்து மறுபடி கட்டி தெரிந்தது. புதிய மருத்துவமனையில் பழைய பிளாக்கை எடுத்துவரச் சொன்னார்கள். அவருடைய மகள் அறுவை நடந்த இடத்துக்குப் போய்ச் சீட்டைக் காட்டினாள். ஊழியர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இவ்வளவு பழசா? ரூம் மாத்தும்போதே பழைய பிளாக்கெல்லாம் கழிச்சுட்டாங்கம்மா" என்றார். "கொஞ்சம் உள்ள பாருங்கண்ணே, அப்பாவுக்கு அத வச்சுத்தான் பார்க்கணுமாம்" என்று அவள் கெஞ்ச, அவரும் பாவம், உள்ளே போய் அரை மணி நேரம் தேடிவிட்டு, கையில் ஒட்டிய தூசியைத் தட்டியபடி வெறுங்கையோடு திரும்பினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும், எப்படி வைத்திருக்க வேண்டும், யார் அனுமதியோடு கழிக்க வேண்டும் என்று அவருக்கு எவரும் சொன்னதில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எங்களில் பலர் கையில் இருக்கும் பயாப்ஸி ரிப்போர்ட்டில் கட்டியின் நீள அகலம் மில்லிமீட்டர் சுத்தமாக இருக்கிறது. கட்டியைச் சுற்றியிருந்த கல்லீரல் எந்த நிலையில் இருந்தது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அந்தப் பகுதியிலிருந்து தனியாக ஒரு பிளாக் எடுத்தார்களா என்பதும் தெரியவில்லை. விடை இருக்கும் இடம் கட்டிக்கு வெளியே என்று 2008-லேயே தெரிந்திருக்க, அந்த இடத்தை இன்னமும் கழிவாகவே பார்க்கிறார்கள்.

கணக்கின் கதையும் இதேதான். தேசியத் திட்டத்தின் கீழ்ப் புற்றுநோய்ப் பதிவேடுகள் நம் நாட்டில் 1980-களின் தொடக்கத்திலிருந்து இருக்கின்றன. சென்னையும் முதல் வரிசையில் இருந்த ஊர். அவை யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தார் என்று எண்ணுகின்றன. நோய் திரும்பி வந்ததை எண்ணுவது அவற்றின் வேலையாக வைக்கப்படவில்லை. ஆகவே அறுவை செய்துகொண்டவர்களில் எத்தனை பேருக்கு எந்த ஆண்டில் நோய் திரும்பியது என்ற விவரத்தைத் திரட்டி ஓரிடத்தில் வைத்திருப்பவர் யாருமில்லை. ஒவ்வொரு அறுவை மருத்துவரின் தனிக் குறிப்பேட்டில் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. அவர் மாற்றலாகிப் போனால் அதுவும் போயிற்று.

வாக்குறுதிகளுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு புற்றுநோய் விழிப்புணர்வு நாளிலும் மேடை போடுகிறார்கள். மரபணு ஆய்வுக்கூடம் வரும் என்றார்கள். எல்லாப் பிளாக்குகளையும் ஒரே இடத்தில் பாதுகாக்கும் திசு வங்கி வரும் என்றார்கள். செக்கப் செலவும் காப்பீட்டுக்குள் வரும் என்று மனு கொடுக்கப் போனபோதெல்லாம் தலையசைத்தார்கள். மனுவுக்கு ரசீது வந்தது; "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது; அதோடு சரி. புதிய கட்டடம் கட்டினால் திறப்புவிழா உண்டு, கல்வெட்டு உண்டு. பழைய மெழுகுக் கட்டையைப் பத்திரமாக வைப்பதற்குக் கல்வெட்டு கிடையாது. அதனால்தானோ என்னவோ அது எவர் நினைவிலும் தங்குவதில்லை.

முடியாத எதையும் நாங்கள் கேட்கவில்லை. 2020-இல் கொரோனா வந்தபோது, அரசு மருத்துவக் கல்லூரிகளில் சில மாதங்களுக்குள் ஆர்.டி.-பி.சி.ஆர். கூடங்கள் எழுந்ததை எல்லாரும் பார்த்தோம். அந்தக் கூடங்களின் வேலையே ஆர்.என்.ஏ.-வை அளப்பதுதான். கருவிகள் இருக்கின்றன, இரவு பகல் பாராமல் அவற்றை இயக்கிப் பழகிய பிள்ளைகள் இருக்கிறார்கள். சில மரபணுக்களை மட்டும் அளக்கும் சிறிய பரிசோதனையை நம் நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல தொடக்கம் வேண்டியதில்லை. மனம் வைத்தால் நடக்கும் என்பதற்கு அந்த ஆண்டே சாட்சி.

எனவே பொறுப்பில் உள்ளவர்களிடம் எங்கள் கோரிக்கை இதுதான். கல்லீரல் புற்றுநோய் அறுவை நடக்கும் எல்லா மருத்துவமனைகளும், அரசாக இருந்தாலும் தனியாராக இருந்தாலும், கட்டிக்கு வெளியே உள்ள கல்லீரலிலிருந்து தனியாக ஒரு பிளாக் எடுத்து, அதன் நிலையை ரிப்போர்ட்டில் எழுத வேண்டும். திசுவை மணிக்கணக்கில் வெறுமனே கிடத்தாமல் உடனே சரியான ஃபார்மலினில் போட வேண்டும், ஆர்.என்.ஏ. பிழைப்பதும் அழிவதும் அந்த முதல் சில மணி நேரத்தில்தான். நோயாளிக்குத் தேவைப்படும்போது பிளாக்கிலிருந்து வெட்டிய ஸ்லைடைக் கொடுத்துவிட்டு, பிளாக்கை மருத்துவமனையே வைத்துக்கொள்ள வேண்டும். அறுவை செய்துகொண்ட ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, நோய் திரும்பியதா, எப்போது திரும்பியது, உயிரோடு இருக்கிறாரா என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது விசாரித்துப் பதிய வேண்டும். ஊர் ஊராக மாத்திரைப் பெட்டியோடு வரும் சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டே இதைச் செய்யலாம்.

பிளாக், கணக்கு இந்த இரண்டும் கையில் இருந்தால், 186-ஓ 32-ஓ ஐந்தோ, எந்தக் குறி நம்மவர்களுக்குப் பொருந்துகிறது என்று நம் மருத்துவக் கல்லூரிகளே சொல்லிவிடும். பொருந்தும் பரிசோதனையை அறுவைச் செலவோடு சேர்த்துக் காப்பீட்டில் வையுங்கள். ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு இரண்டு ஆண்டுக்குப் பிறகும் கண்காணிப்பைத் தளர்த்தாதீர்கள். அவர்களுடைய ஸ்கேனுக்கும் பயணத்துக்கும் அரசே செலவு செய்யட்டும். ஆபத்து குறைந்தவர்களின் வீண் அலைச்சலைக் குறைத்தாலே அதற்கான பணத்தில் ஒரு பகுதி மிஞ்சும்.

பரிசோதனை வர ஓராண்டோ மூன்றாண்டோ ஆகலாம், அது புரிகிறது. ஆனால் பிளாக்குகளைக் கழிப்பதை நிறுத்த ஒரு நாள் போதும். கல்லீரல் அறுவை செய்துகொண்டவர்களின் பிளாக் எதையும், எத்தனை ஆண்டு பழையதானாலும், மறு உத்தரவு வரும் வரை அழிக்கக்கூடாது என்று ஒரு பக்கச் சுற்றறிக்கை அனுப்பினால் முடிந்தது. நிதி ஒதுக்கீடு வேண்டாம், டெண்டர் வேண்டாம், திறப்புவிழாவும் வேண்டாம். அந்தச் சுற்றறிக்கையை இந்த மாதமே எதிர்பார்க்கிறோம்.